தேய்ந்த டயரை எவ்வளவு உடைக்கலாம்?

நாமக்கல், சங்ககிரி வட்டாரத்தில் தேய்ந்த லாரி டயருக்குப் புது பட்டன், அதாவது சாலையைத் தொடும் மேற்பட்டை, போட்டுத் தரும் பட்டறைகளில் முதல் வேலை, வந்த டயரை விரித்துப் பிடித்து உள்ளே விளக்கடித்துப் பார்ப்பது. அனுபவசாலி ஒருவர் உட்சுவரை விரலால் தடவிக்கொண்டே போவார். நூல் அறுந்திருக்கிறதா, கம்பி துருவேறியிருக்கிறதா, அடுக்குகளுக்கு நடுவே காற்றுப் புகுந்து உப்பியிருக்கிறதா என்பதை அந்த விரல் சொல்லிவிடும். கேசிங், அதாவது டயரின் கூடு, நன்றாக இருந்தால் டயருக்கு இன்னொரு பிறவி உண்டு. இல்லையென்றால் காயலான் கடை. கழிவு டயர்களைப் பற்றி அரை நூற்றாண்டாக நடந்துவரும் ஆய்வுகளில் பெரும்பகுதி, காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்த டயரைப் பற்றியது. பட்டறையில் தேறிய டயரைப் பற்றி நாம் மிகக் குறைவாகவே பேசுகிறோம். எனக்கு அது பெரிய மனக்குறை.

டயர் ஏன் இவ்வளவு பிடிவாதமான கழிவாக இருக்கிறது என்பதற்கான விடை 1839இல் இருக்கிறது. அந்த ஆண்டு அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர், ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் பிசுபிசுக்காது, குளிரில் விறைக்காது என்று கண்டுபிடித்தார். தனித்தனி நூலாகக் கிடந்த ரப்பர் மூலக்கூறுகளைக் கந்தக அணுக்கள் குறுக்கே கட்டிப்போடுகின்றன. நூல் வலையாகிவிடுகிறது. பிளாஸ்டிக் குடத்தை உருக்கி இன்னொரு குடம் வார்க்கலாம். டயரை உருக்கவே முடியாது. சூடாக்கினால் இளகுவதற்கு முன்பே கருகத் தொடங்கும். டயருக்குக் கிடைத்த அத்தனை வலுவும் இந்த வலையால் வந்தது. அதைத் திரும்பப் பிரிக்க முடியாத சிக்கலும் அதே வலையால் வந்ததுதான்.

அந்த வலைக்குள் வேறு சரக்கும் இருக்கிறது. இயற்கை ரப்பர், பெட்ரோலியத்திலிருந்து செய்த செயற்கை ரப்பர், எடையில் நான்கில் ஒரு பங்கை நெருங்கும் கார்பன் பிளாக், எஃகுக் கம்பி, நைலான் நூல், துத்தநாக ஆக்சைடு, எண்ணெய், ஓசோனால் வெடிப்பு விழாமல் காக்கும் வேதிப்பொருள்கள். சாலையில் பிய்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே இவ்வளவையும் ஒன்றாகப் பிணைத்தோம். பிறகு பிய்த்தெடுக்கத் தவிக்கிறோம்.

ஆய்வு முயற்சிகள் ஒவ்வொன்றையும் நான் ஒரே கேள்வியால் அளந்து பார்ப்பது வழக்கம்: இந்த முறை டயரை எவ்வளவு உடைக்கிறது? உருவத்தை அப்படியே வைத்துக்கொள்கிறதா, துகளாக்குகிறதா, கந்தகக் கட்டை அவிழ்க்கிறதா, மூலக்கூறையே சிதைக்கிறதா, எரித்துச் சூட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறதா? உடைக்க உடைக்க, டயருக்குள் நாம் முன்பு போட்ட உழைப்பும் ஆற்றலும் கைநழுவுகின்றன.

எதுவுமே செய்யாமல் குவித்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்றுகள் ஏராளம். 1983இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் சுமார் 70 லட்சம் டயர்கள் கொண்ட குவியல் ஏறக்குறைய 9 மாதம் எரிந்தது. 1990 பிப்ரவரியில் கனடாவின் ஹேகர்ஸ்வில் ஊரில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட டயர்கள் 17 நாள் எரிந்தன. வேல்ஸ் நாட்டின் ஹேயோப் பள்ளத்தாக்கில் 1989இல் பற்றிய தீ உள்ளுக்குள் 15 ஆண்டுகளுக்கு மேல் கனன்றது. டயரின் வளைவுக்குள் எப்போதும் காற்று இருக்கும். ஊற்றிய தண்ணீரோ உள்ளே இறங்காமல் வழிந்துவிடும். சூட்டில் சிதைந்து ஒழுகும் எண்ணெய் நிலத்தடி நீரைத் தொடும். குவைத்தின் சுலைபியா பாலைவனத்தில் 4 கோடிக்கு மேல் குவிந்து கிடந்த டயர்களை 2021இல்தான் வேறிடத்துக்கு மாற்றி முடித்தார்கள்.

கடலுக்குள் போட்டுப் பார்த்ததும் உண்டு. 1972இல் புளோரிடா கரையோரம் சுமார் 20 லட்சம் டயர்களைக் கட்டுக்கட்டாக இறக்கி, மீன்கள் குடியேறச் செயற்கைப் பவளத்திட்டு அமைத்தார்கள். நல்ல நோக்கம்தான். கட்டுகள் அறுந்தன. புயலும் நீரோட்டமும் டயர்களை உருட்டிப்போய் உண்மையான பவளத்தின் மேல் மோதவிட்டன. அவற்றை வெளியே எடுக்கும் வேலைக்கு ராணுவ முக்குளிப்பவர்களை அனுப்ப வேண்டியதாயிற்று.

கொசுவின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. மழைநீர் தேங்கிய டயர் ஏடிஸ் கொசுவுக்கு அளவெடுத்துக் கட்டிய வீடு. அதன் முட்டை உலர்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆசியப் புலிக்கொசு 1985இல் டெக்சஸின் ஹூஸ்டனில் காலூன்றியது. ஆசியாவிலிருந்து இறக்குமதியான பழைய டயர்களில் அது பயணப்பட்டது என்பது ஆய்வாளர்கள் ஏற்ற முடிவு. தமிழ்நாட்டில் டெங்கு பருவம் வந்தால் சுகாதாரப் பணியாளர்கள் முதலில் பஞ்சர் கடை வாசலைப் பார்ப்பது இதனால்தான். இந்தக் கொசு உலக வணிக அமைப்பின் வழக்கு மன்றம் வரை போயிருக்கிறது. மறுபட்டன் போட்ட டயர்களை இறக்குமதி செய்யப் பிரேசில் தடை விதித்தபோது ஐரோப்பிய சமூகம் வழக்குத் தொடுத்தது. 2007 டிசம்பரில் வந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பு, டயர்க் குவியலால் வரும் டெங்குவும் தீ விபத்தும் மக்கள் நலனுக்கு உண்மையான ஆபத்து என்று ஒப்புக்கொண்டது. தடையைப் பிரேசில் எல்லா நாடுகளுக்கும் ஒரே மாதிரிப் பயன்படுத்தவில்லை என்பதை மட்டும் குறையாகச் சொன்னது.

சரி, குவிக்கக் கூடாது. வேறென்ன செய்யலாம்?

மிகக் குறைவாக உடைக்கும் முறை மறுபட்டன் போடுவது, அதாவது ரீட்ரெடிங். தேய்ந்த மேற்பரப்பைச் சுரண்டிச் சமன் செய்து, பிசின் ரப்பர் ஒட்டி, ஏற்கெனவே பட்டன் வார்த்த பட்டையைச் சுற்றி, உறையிட்டு, அழுத்தக் கலனில் சுமார் 100 டிகிரியில் சில மணி நேரம் வேகவைக்கிறார்கள். புதிதாகச் சேர்வது லாரி டயர் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு ரப்பர் மட்டுமே. எஃகுக் கூடு, பக்கச் சுவர், விளிம்புக் கம்பி எல்லாம் பழையபடியே இருக்கும். இது பாதுகாப்பற்றது என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உண்டு. பயணிகள் விமானங்கள் தரையிறங்கும் டயர்கள் பலமுறை மறுபட்டன் போடப்பட்டவை என்று சொன்னால் பலர் நம்ப மறுக்கிறார்கள். கேசிங்கைச் சரியாகச் சோதித்தால் மறுபட்டன் நம்பகமானது என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

இந்தத் தொழிலில் தமிழ்நாடு பின்தங்கியதல்ல. மறுபட்டனுக்கான ரப்பரும் இயந்திரமும் செய்து வெளிநாடுகளுக்கும் அனுப்பும் நிறுவனம் கோவையில் இருக்கிறது. இருந்தாலும் பட்டறைக்காரர்கள் பட்ட அடிகள் சிறியவை அல்ல. மலிவான சீனப் புது டயர்கள் பெருமளவில் வந்திறங்கிய காலத்தில், மறுபட்டன் செலவுக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் புது டயரே வாங்கலாம் என்று லாரி உரிமையாளர்கள் திரும்பிவிட்டார்கள். 2017 செப்டம்பரில் அந்த டயர்கள் மீது பொருள்குவிப்புத் தடுப்பு வரி போட்டபின்தான் மூச்சு வந்தது. மற்றொரு அடி நம் சாலைப் பழக்கத்தால் விழுவது. அளவுக்கு மீறிய பாரம், குறைந்த காற்று, கம்பி வெளியே தெரியும் வரை கழற்றாமல் ஓட்டுவது ஆகிய மூன்றும் கேசிங்கைக் கொன்றுவிடும். கேசிங் செத்தபிறகு எந்த ஆய்வுக்கூடத்தாலும் அதை எழுப்ப முடியாது.

அடுத்த படி, கந்தகக் கட்டை அவிழ்ப்பது. அறிவியல் நோக்கில் இதுதான் இந்தத் துறையின் உச்சக் கனவு. 1899இல் ஆர்தர் மார்க்ஸ், பழைய ரப்பரைக் காரத்தில் வேகவைத்து மீட்கும் முறைக்கு வழிகண்டார். ரப்பர் விலை ஏறிய காலத்தில் மீட்பு ரப்பருக்கு நல்ல மதிப்பு. 1942இல் ஜப்பான் மலாயாவைப் பிடித்ததும் அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பர் ஏறக்குறைய முழுதும் நின்றது. அதிபர் ரூஸ்வெல்ட் வானொலியில் மக்களிடம் பழைய டயரும் ரப்பர் செருப்பும் கேட்டு வேண்டுகோள் விடுத்தார். அந்த மலாயாத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள். அவர்களில் ஆயிரக்கணக்கானோர் அதே ஆண்டுகளில் சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டு மாண்டார்கள். ரப்பர் என்று எழுதும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வந்துவிடுகிறது. போருக்குப் பின் செயற்கை ரப்பர் மலிந்தது. ரேடியல் டயர் வந்து எஃகுக் கம்பி கூடியது. மீட்பு ரப்பரின் மதிப்பு இறங்கியது.

சிக்கலின் மையம் இதுதான். கந்தகத்துக்கும் கந்தகத்துக்கும் இடையிலான பிணைப்பு, கந்தகத்துக்கும் கார்பனுக்கும் இடையிலான பிணைப்பு, ரப்பர் நூலின் முதுகெலும்பான கார்பன் பிணைப்பு ஆகிய மூன்றின் வலுவும் ஒன்றுக்கொன்று அதிக தூரத்தில் இல்லை. முடிச்சை அவிழ்க்கக் கொடுக்கும் சூடு நூலையும் அறுத்துவிடும். அறுந்த நூல் குட்டையாகிவிடும். அதில் செய்த ரப்பருக்கு இழுவலு குறையும். முடிச்சை மட்டும் தொட எத்தனையோ வழிகளை முயன்றிருக்கிறார்கள். 1970களில் நுண்ணலை வந்தது. 1990களில் அமெரிக்காவின் ஏக்ரன் பல்கலைக்கழகத்தில் அவ்ராம் இசயேவ் மீயொலியால் பிணைப்பை அதிரவைத்தார். மலேசிய ரப்பர் அறிஞர் பி. சி. சேகர் ஒரு வேதிக்கலவையைக் கண்டறிந்து 'டீலிங்க்' என்று பெயரிட்டார். அழுத்தமூட்டிய கார்பன் டை ஆக்சைடு, இரட்டைத் திருகு இயந்திரம், கந்தகம் தின்னும் பாக்டீரியா என்று பட்டியல் நீள்கிறது. பாக்டீரியா என்னவோ அழகான யோசனை. ஆனால் அது துகளின் மேல்தோலைத்தான் தின்கிறது, நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒரே வகை ரப்பரைக் கொண்டு சோதனைச்சாலையில் கிடைத்த நல்ல முடிவுகள், பத்து நிறுவனத்தின் டயர்கள் கலந்து வரும் ஆலையில் அப்படியே கிடைப்பதில்லை. எனவே இன்றும் மீட்பு ரப்பர் மிதியடி, குழாய், சைக்கிள் டயர் ஆகியவற்றில்தான் பெரும்பாலும் இடம்பிடிக்கிறது. புது கார் டயருக்குள் சிறு அளவுக்கு மேல் அனுமதிப்பதில்லை.

துகளாக்கிப் பயன்படுத்துவது இன்னொரு வழி. பிளாஸ்டிக் சாலை என்றால் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவனைத் தமிழர்களுக்குத் தெரியும். ரப்பர் சாலைக்கு அப்படி ஒருவர், 1960களில் அரிசோனாவின் பீனிக்ஸ் நகரப் பொறியாளராக இருந்த சார்ல்ஸ் மெக்டொனால்ட். சூடான தாரில் டயர்த் துகளைக் கலந்து சற்று நேரம் வைத்திருந்தால், தாரின் எண்ணெய்ப் பகுதியை உறிஞ்சித் துகள் ஊதும். கலவை கெட்டிப்பட்டு இழுபடும் தன்மை பெறும். வெயிலில் இளகிப் பள்ளம் விழுவதும் குளிரில் வெடிப்பதும் குறையும். நம் நாட்டில் இதற்கென்று 2004இலேயே இந்தியத் தரக்குறியீடு வந்துவிட்டது. குறை என்னவென்றால், கலவையைத் தொட்டியில் வெகுநேரம் வைத்திருந்தால் துகள் அடியில் தங்கிவிடும். கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும், உடனே போட வேண்டும். ஒப்பந்ததாரர் அவசரத்தில் இது தவறினால் பழி ரப்பர் மேல் விழுகிறது.

கான்கிரீட்டில் கலக்கும் ஆய்வுகள் நம் பொறியியல் கல்லூரிகளில் மலிந்திருக்கின்றன. ஆண்டுதோறும் இறுதியாண்டு மாணவர்கள் ஜல்லிக்குப் பதில் டயர்த் துண்டைப் போட்டுக் கனசதுரம் வார்த்து நசுக்கிப் பார்க்கிறார்கள். 1993இல் எல்டின், செனூசி இருவரும் வெளியிட்ட முடிவே இன்றும் நிற்கிறது: பெருஜல்லி முழுவதையும் டயர்த் துண்டால் மாற்றினால் கான்கிரீட்டின் நசுக்கு வலு சுமார் 85 சதவீதம் விழுந்துவிடும். சிமென்ட் பசை ரப்பரைப் பிடிப்பதில்லை. நடைபாதை, ஒலித்தடுப்புச் சுவர், அதிர்வு தாங்கும் அடித்தளம் போன்ற சில்லறை வேலைகளுக்குச் சிறு அளவில் சேர்க்கலாம். தூணுக்கும் உத்தரத்துக்கும் ஆகாது. இதே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்வதில் இளைஞர்களின் உழைப்பு வீணாவது எனக்கு வருத்தம் தருகிறது.

மண்ணணை கட்டவும் டயர்த் துண்டுகளைப் பயன்படுத்தினார்கள்; எடை குறைவு, நீர் வடியும். 1995இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 8 மீட்டருக்கும் மேலான ஆழத்துக்கு நிரப்பிய சாலைகள் தாமாகவே உள்ளுக்குள் சூடேறி எரிந்தன. காரணம் தேடிய பொறியாளர்கள், ஓர் அடுக்கு 3 மீட்டருக்கு மிகாமலும் கம்பி நீட்டாமலும் இருக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். தோல்வியை ஒளிக்காமல் விதியாக மாற்றிய இந்த நேர்மை, இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த நிகழ்வு.

இப்போது மூலக்கூறையே சிதைக்கும் பைரோலிசிஸ். காற்றில்லாத கலனில் 400 முதல் 600 டிகிரி வரை சூடாக்கினால் டயர் எண்ணெயாகவும் கரியாகவும் வாயுவாகவும் பிரிந்து கம்பி மிஞ்சும். எண்ணெய் மட்டுமே எடையில் 40 சதவீதத்தை ஒட்டி வரும். தாளில் எழுதிப் பார்த்தால் எதுவும் வீணாகாத முறை. நேரில் எப்படி? பல சிற்றாலைகள் ஒவ்வொரு ஈடாக இயங்குபவை. கலனில் டயரைத் திணித்து, கீழே விறகிட்டு எரித்து, எண்ணெய் வடிந்ததும் சூடு ஆறுமுன் கதவைத் திறந்து கரியை அள்ளுகிறார்கள். அந்தக் கரி நெல்லுமி போலப் பறக்கும் நுண்தூள். அள்ளுபவரின் முகத்தில் பெரும்பாலும் ஒரு துண்டு மட்டுமே இருக்கும். 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் வந்த அறிக்கைப்படி 19 மாநிலங்களில் 637 ஆலைகள் இருந்தன; விதிப்படி இயங்கியவை 251, மீறியவை 270, மூடப்பட்டவை 116. 2025 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் வாடா பகுதியில் இத்தகைய ஆலை ஒன்று வெடித்ததில் இரு பெண்களும் இரு குழந்தைகளும் இறந்தார்கள். அங்கே கொதித்தவை ஐரோப்பாவிலிருந்து வந்த டயர்கள் என்று இரண்டு மாதத்துக்குப் பின் பிபிசி வெளியிட்டது.

ஐரோப்பா 2003இல் முழு டயரையும் 2006இல் துண்டு டயரையும் குப்பைக் குழியில் போடத் தடை செய்தது. நல்ல சட்டம்தான். ஆனால் தன் மண்ணைக் காத்துக்கொண்ட நாடு, அதே டயரை நம் கூலித் தொழிலாளியின் நுரையீரலுக்கு ஏற்றுமதி செய்வதற்கும் அது வழிவிட்டது. இந்தியா 2022 விதிகளில் பைரோலிசிஸ் எண்ணெய்க்காகக் கழிவு டயர் இறக்குமதி செய்வதைத் தடுத்துவிட்டது. துகளாக்க என்று எழுதி வரும் கொள்கலன் துறைமுகத்தைத் தாண்டிய பிறகு எந்த உலைக்குள் போகிறது என்பதைப் பார்க்கக் கண் வேண்டும்.

பைரோலிசிஸே கூடாது என்று நான் சொல்லவில்லை. மூடிய ஆலைகள் ஸ்வீடனிலும் ஜெர்மனியிலும் நடக்கின்றன. பெரிய டயர் நிறுவனங்களும் வேதிநிறுவனங்களும் அவற்றில் முதலீடு செய்கின்றன. கரியைச் சுத்திகரித்து மறுபடி டயருக்கே கார்பன் பிளாக்காகக் கொடுப்பதுதான் அவற்றின் இலக்கு. இங்கே ஒரு விசித்திரமான முட்டுக்கட்டை. எரிபொருள் மிச்சப்படுத்த 1990களிலிருந்து டயரின் மேல்பகுதியில் சிலிக்காவைச் சேர்க்கிறோம். அந்தச் சிலிக்காவும் துத்தநாகமும் பைரோலிசிஸ் கரியில் சாம்பலாகத் தங்கி அதன் தரத்தைக் கெடுக்கின்றன. ஓடும்போது பசுமையாக இருப்பதற்குச் செய்த வேலை, மறுசுழற்சியைக் கடினமாக்குகிறது. டயரை வடிவமைப்பவரும் உடைப்பவரும் ஒரே மேசையில் உட்காராததன் விளைவு இது.

கடைசிப் படி எரிப்பது. சிமென்ட் சூளையில் சுமார் 1450 டிகிரி வெப்பத்தில் டயர் முழுதாக எரிந்துவிடும். கம்பியின் இரும்பும், சிமென்டாக அரைபடும் கிளிங்கருக்குள் போய்விடும். நம் நாட்டு நிலக்கரியைவிட டயரின் எரிசக்தி அதிகம். திறந்தவெளியில், போகித் தீயில் எரிப்பதோடு இதை ஒப்பிடவே முடியாது. 2018 போகி காலையில் சென்னை விமான நிலையமே புகைமூட்டத்தில் தடுமாறியது நினைவிருக்கும். ஆனாலும் சூளையில் போட்டால் அத்தனை உழைப்பும் ஒரு மூட்டை நிலக்கரியின் விலைக்கு முடிந்துவிடுகிறது.

சட்டம் எந்தப் படியை ஊக்குவிக்கிறது? 2022 ஜூலையில் வந்த இந்திய விதி, டயர் தயாரிப்பவரையும் இறக்குமதி செய்பவரையும் கழிவுக்குப் பொறுப்பாக்கியது. முதல் ஆண்டு 35 சதவீதம், அடுத்து 70, 2024-25 முதல் 100 சதவீதம் என்று கடமை ஏறியது. மறுசுழற்சியாளரிடம் சான்றிதழ் வாங்கி நிறுவனங்கள் கணக்கை நேர்செய்கின்றன. சென்னையைச் சுற்றி இத்தனை பெரிய டயர் ஆலைகள் இருக்கும் மாநிலத்துக்கு இது முக்கியமான விதி. ஆனால் மறுபட்டன் போட்ட டயருக்குக் கடமையைத் தள்ளிப்போடும் சலுகை மட்டுமே கிடைக்கிறது. உடைத்தவருக்குத்தான் முழுக் கணக்கு. டயரின் ஆயுளைக் கூட்டிய பட்டறைக்கு அதற்கேற்ற மதிப்பு கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இவ்வளவும் சாலையை விட்டு வந்து சேர்ந்த டயரைப் பற்றி. சாலையிலேயே தேய்ந்து போன ரப்பர் எங்கே? உலக அளவில் ஆளுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 0.81 கிலோ டயர்த் துகள் உதிர்கிறது என்று 2017இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. 2020 டிசம்பரில் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழுவினர் ஒரு நீண்ட மர்மத்தை விடுவித்தார்கள். சியாட்டில் பக்கத்து ஓடைகளில் மழை பெய்ததும் முட்டையிட வரும் கோஹோ சால்மன் மீன்கள் முட்டையிடுமுன்பே செத்து மிதந்தன. டயரில் வெடிப்பு விழாமல் காக்கும் 6பிபிடி என்ற பொருள், காற்றின் ஓசோனோடு சேர்ந்து 6பிபிடி-குவினோன் என்ற நஞ்சாக மாறுவதுதான் காரணம். விளையாட்டுத் திடல்களில் நிரப்பும் டயர்த் துகளை ஐரோப்பிய ஒன்றியம் 2031க்குப் பின் விற்கக் கூடாது என்று முடிவெடுத்தது நுண்பிளாஸ்டிக்கைக் கருதித்தான். மறுசுழற்சி என்று பெருமையோடு செய்த பயன்பாடு ஒன்று இப்படித் திரும்ப அழைக்கப்பட்டது.

கலிபோர்னியா 2023 அக்டோபரிலிருந்து 6பிபிடி கலந்த டயர்களை முன்னுரிமைக் கண்காணிப்பில் வைத்து, மாற்றுப் பொருள் தேடும்படி தயாரிப்பாளர்களைக் கட்டாயப்படுத்தியிருக்கிறது. அந்தத் தேடலோடு சேர்த்து நாம் இங்கே செய்யக்கூடிய, அதிகச் செலவில்லாத ஓர் ஆய்வும் உண்டு. ஒரு கேசிங் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடியது, எவ்வளவு பாரம் சுமந்தது, எத்தனை முறை மறுபட்டன் கண்டது, கடைசியில் எதனால் செத்தது என்ற பதிவு. இப்போது அந்த வரலாறு பட்டறைக்காரர் சுண்ணாம்புக் கட்டியால் பக்கச் சுவரில் எழுதும் சில எண்களாக இருக்கிறது. டயர் சாலைக்குத் திரும்பியதும் முதல் மழையில் அழிந்துவிடுகிறது.